பள்ளியில் பாட்டு எதற்கு?

(பரிசளிப்பு விழாவில் நம் பள்ளி ஆசிரியை ஒருவர் ஆற்றிய உரை)



மேடையில் எனக்குக் கொடுத்த நேரம் பத்து நிமிடம். ஒலிபெருக்கி ஒத்துழைத்தது அதில் ஏழு நிமிடம். ஆகவே அன்று பேசியதையும், பேச விட்டுப்போனதையும் சேர்த்து இங்கே எழுதித் தருகிறேன்.

தேர்ச்சி அட்டை வாங்க வந்த ஒரு தாய் என்னிடம் கேட்டார்: "டீச்சர், புள்ள கணக்குல பின்னால நிக்கிறான். வாரத்துல அரை மணி நேரம் பாட்டுன்னு போட்டிருக்கீங்களே, அதை எடுத்துக் கணக்குக்குக் கொடுத்துட்டா என்ன? பாட்டு சோறு போடுமா?"

அந்தத் தாய் விடியற்காலையில் எழுந்து, சமைத்து வைத்துவிட்டு, தொழிற்சாலைப் பேருந்தில் சிலிபினுக்கு வேலைக்குப் போகிறவர். தம் பிள்ளை தம்மைப் போல் நின்றுகொண்டே வேலை செய்யக் கூடாது என்று நினைக்கிறார். அவர் கேட்டதில் பிழையே இல்லை. நேர்மையான கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டும். பாட்டு சோறு போடாது. நம் பிள்ளைகளில் நூற்றுக்கு ஒருவர்கூட இசைக் கலைஞராகிப் பிழைக்கப் போவதில்லை. அப்படியிருந்தும் அந்த அரை மணி நேரத்தை விட்டுக் கொடுக்க எனக்கு மனமில்லை. ஏன் என்பதைத்தான் இன்று சொல்ல வந்திருக்கிறேன்.

முதலில் ஒன்றைக் கவனியுங்கள். பாட்டே வேண்டாம் என்று நாம் எல்லாரும் சேர்ந்து முடிவு செய்தாலும், திங்கட்கிழமை காலைச் சபைகூடலில் பிள்ளைகள் பாடித்தான் ஆக வேண்டும். நெகாராக்கூ பாடுகிறார்களே, அந்த மெட்டு எந்த ஊர் மெட்டு தெரியுமா? நம் பேராக் மெட்டுதான்! 1957-ஆம் ஆண்டு, சுதந்திரத்துக்கு முன்பாக, நாட்டுக்கு ஒரு கீதம் வேண்டும் என்று உலகளவில் போட்டி வைத்தார்கள். ஐந்நூறுக்கும் மேற்பட்ட மெட்டுகள் வந்து குவிந்தன. அவை சரிப்படாமல், பெஞ்சமின் பிரிட்டன், வில்லியம் வால்ட்டன் போன்ற பெரிய இசையமைப்பாளர்களிடமும் கேட்டுப் பார்த்தார்கள். அதுவும் மனத்துக்குப் பிடிக்கவில்லை. கடைசியில் துங்கு அப்துல் ரஹ்மான் தலைமையிலான குழு, பேராக் மாநில கீதத்தின் மெட்டை எடுத்துப் புதிய சொற்களை அமைத்து, ஆகஸ்டு 5-ஆம் நாள் அதையே தேர்ந்தெடுத்தது. உலகமெல்லாம் தேடிவிட்டு வீட்டுக் கொல்லையில் கண்டெடுத்த கதைதான்.

இதில் ஒரு பாடமும் இருக்கிறது. 1992-இல் நெகாராக்கூவை அணிவகுப்பு நடைபோல வேகமாக்கினார்கள். நான் தொடக்கப் பள்ளியில் படித்தபோது அந்த வேகத்தில்தான் பாடினோம். 2003-இல் மறுபடியும் பழைய நிதான நடைக்கே திரும்பினார்கள். ஐந்தாம் ஆண்டு மாணவர்களை நிமிர்ந்து நிற்கச் சொல்லி, இரண்டு பதிவுகளையும் கேட்க வைத்தேன். "என்ன மாறியது?" என்று கேட்டேன். சொல் மாறவில்லை, மெட்டு மாறவில்லை என்று கண்டுபிடித்துவிட்டார்கள். பின் வரிசையிலிருந்து ஒரு சிறுமி, "டீச்சர், முதல்ல கேட்டது நடந்து போற மாதிரி இருக்கு, ரெண்டாவது கொடி மெதுவா ஏறுற மாதிரி இருக்கு" என்றாள். காலப்பிரமாணம் என்ற பெரிய சொல்லை நான் சொல்லவே இல்லை. அது அவளுக்கு விளங்கிவிட்டது. கேட்பதற்குக் காது கொடுத்தால் போதும், பிள்ளைகள் நம்மைவிட விரைவாகப் பிடித்துக்கொள்வார்கள்.

நம் பள்ளிகளில் பாட்டுக்கு எப்போதும் இடம் இருந்தது என்று சொல்ல முடியாது. தோட்டத்தில் பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் பள்ளி நடத்த வேண்டும் என்று 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் சொன்னது. பல இடங்களில் ஒரே கொட்டகை, ஒரே வாத்தியார். அவரே சில தோட்டங்களில் பாதி நாள் கிராணி வேலையும் பார்த்தார். பாட்டு வகுப்பு என்று அட்டவணையில் ஏது? ஆனால் ஆத்திசூடியும் வாய்ப்பாடும் ராகம் போட்டுத்தானே ஏறின! இன்றும் எழுபது வயதுத் தாத்தாவிடம் ஏழாம் வாய்ப்பாட்டைக் கேளுங்கள். தலையை ஆட்டிக்கொண்டு ராகத்தோடுதான் சொல்வார். இடையில் நிறுத்தி "ஏழெட்டு எவ்வளவு?" என்று கேட்டால், முதலிலிருந்து பாடிக்கொண்டு வந்தால்தான் அவருக்கு விடை கிடைக்கும்.

1983-இல் புதிய தொடக்கப் பள்ளிக் கலைத்திட்டம் நாடு முழுவதும் வந்தபோது, இசை எல்லாப் பிள்ளைகளுக்கும் உரிய தனிப்பாடமானது. பெரிய மாற்றம் அது. ஆனால் 1988-இல் யு.பி.எஸ்.ஆர். தேர்வு வந்தது. தேர்வில் இல்லாத பாடம் பாடமா என்ற எண்ணமும் சேர்ந்தே வந்தது. ஆறாம் ஆண்டு என்றால் இசை நேரம் கணக்குக்குப் போகும், ஓவிய நேரம் அறிவியலுக்குப் போகும். எங்கும் நடந்ததுதான். 2021-இல் யு.பி.எஸ்.ஆர். நிறுத்தப்பட்டது. தேர்வு போய்விட்டது, ஆனால் பயம் மட்டும் நம் வீட்டுத் திண்ணையில் இன்னும் உட்கார்ந்திருக்கிறது. அதனால்தான் அந்தத் தாயும் அப்படிக் கேட்டார்.

சரி, இந்த அரை மணி நேரம் என்ன செய்கிறது? தமிழிலிருந்தே தொடங்குகிறேன்.

நம் இலக்கணம் எழுத்தை அளக்கும் கோல் எது? மாத்திரை. குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை. ஒரு மாத்திரை என்பது கண் இமைக்கும் நேரம் அல்லது கை நொடிக்கும் நேரம் என்று தொல்காப்பியம் வகுத்திருக்கிறது. எழுத்தைக் கண்ணால் பார்த்து அளக்கவில்லை, பார்த்தீர்களா? காதால், காலத்தால் அளந்திருக்கிறார்கள். நாம்தான் அதைத் தேர்வுக்கு மனப்பாடம் செய்யும் விதியாக்கி, கையை நொடிக்க மறந்துவிட்டோம்.

மூன்றாம் ஆண்டில் ஒரு மாணவன். பெயர் வேண்டாம். வாசிப்பில் மிகவும் பின்தங்கியவன். "பாடம்" என்று சொன்னால் "படம்" என்று எழுதுவான். "வீடு" என்றால் "விடு". துணைக்கால் போடு, போடு என்று சிவப்பு மையால் வட்டம் போட்டு என் பேனாதான் தேய்ந்தது. ஆனால் அவன் மாமா உறுமி மேளக் குழுவில் வாசிப்பவர். விழாக் காலத்தில் இவனும் கூடவே போவான். ஒரு நாள் இசை வகுப்பில் மேசையைத் தட்டிக்கொண்டிருந்தான். கேட்டுப் பார்த்தால், "தகிட தகதிமி, தகிட தகதிமி" என்று ஏழு எண்ணிக்கை பிசகாமல் போய்க்கொண்டிருக்கிறது. மூன்றும் நாலும் ஏழு! பெரியவர்களே தடுமாறும் நடை அது. இந்தக் காதை வைத்துக்கொண்டா பாடத்துக்கும் படத்துக்கும் வேறுபாடு தெரியாமல் இருக்கிறான் என்று எனக்கு ஒரே வியப்பு.

அன்று முதல் வகுப்பிலே ஒரு வழக்கம் வைத்தேன். குறிலுக்கு ஒரு தட்டு. நெடிலுக்கு ஒரு தட்டும் ஒரு வீச்சும். ப-டு: தட்டு, தட்டு. பா-டு: தட்டு, வீச்சு, தட்டு. எழுதுவதற்கு முன்னால் தட்ட வேண்டும். வீச்சு வந்தால் அங்கே நெடில் இருக்கிறது. இதையே மேல்நாட்டு இசைக் குறிப்பில் ஓர் எண்ணிக்கைச் சுரம், அரை எண்ணிக்கைச் சுரம் என்று சொல்லித் தருகிறோம். ஒன்று மற்றதைப் போல் இரு மடங்கு. பிள்ளைக்கு ஒரே பாடத்தில் இரண்டு கதவு திறக்கிறது. அந்த மாணவன் வகுப்பிலேயே முதலாவதாக வந்துவிட்டான் என்று கதை கட்ட மாட்டேன். இன்னும் திக்கித் திக்கித்தான் படிக்கிறான். ஆனால் நெடிலை விடுவதில்லை. கை தன்னால் வீசுகிறது, பிறகு பென்சில் துணைக்காலைப் போடுகிறது. கணக்கிலும் இதே கதைதான். ஏழை மூன்றும் நாலுமாகப் பிரிக்கத் தெரிந்த பிள்ளைக்கு ஏழு என்பது வெறும் எண்ணாக இருப்பதில்லை.

இப்போது கொஞ்சம் மனக்கசப்பான ஒரு விஷயத்துக்கு வருகிறேன். பெரியவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

இசை வகுப்புக்கு ஒரு தப்பை எடுத்து வந்து பிள்ளைகளுக்குக் காட்டினேன். மறுநாள் ஒரு தகப்பனார் பள்ளி வாசலில் வந்து நின்றார். "தப்படிக்கவா டீச்சர் புள்ளைய பள்ளிக்கூடம் அனுப்புறேன்? அது சாவு மேளம். எங்க வீட்ல அத தொடவே மாட்டோம்" என்றார். அவர் சொல்லாமல் விட்டதும் எனக்குப் புரிந்தது. கப்பலேறி வந்தபோது நம் முன்னோர் மூட்டையில் கட்டிக்கொண்டு வந்தவற்றில் நல்லவையும் உண்டு, கடலிலேயே போட்டுவிட்டு வந்திருக்க வேண்டியவையும் உண்டு. ஒரு தோல் கருவியை இன்ன சாதிக்காரன்தான் தொடலாம் என்பது இரண்டாவது வகை. லயத்தில் ஒரே குழாயில் தண்ணீர் பிடித்து, ஒரே பெரட்டில் வரிசையில் நின்ற நமக்கு அது எதற்கு?

தொல்காப்பியம் ஒவ்வொரு நிலத்துக்கும் உரிய கருப்பொருள்களைச் சொல்லும்போது தெய்வம், உணவு, மரம், பறவை இவற்றோடு பறையையும் சேர்த்தே வைத்திருக்கிறது. நிலம் இருந்தால் அதற்கென்று ஒரு பறை இருக்கும். சாவுக்கு மட்டும் அன்று; உழைப்புக்கும் கொண்டாட்டத்துக்கும் அறிவிப்புக்கும் அதுதான் குரல். மதுரைப் பறைக் கலைஞர் வேலு ஆசானுக்கு இந்திய அரசாங்கம் 2025-இல் பத்மஸ்ரீ விருது கொடுத்தது. திண்டுக்கல்லில் சக்தி கலைக்குழுவின் பெண்கள் பறையைத் தோளில் மாட்டி ஆடுகிறார்கள். அந்தத் தகப்பனாரிடம் இதையெல்லாம் சொன்னேன். அவர் ஒப்புக்கொண்டார் என்று சொல்ல முடியாது. ஆனால் மகளை வகுப்பிலிருந்து நிறுத்தவில்லை. அதுவே எனக்குப் போதும்.

உறுமிக்கு வேறொரு சங்கடம். தைப்பூசத்தன்று புந்தோங்கிலிருந்து குனோங் சீரோ கல்லுமலை வரை நடந்து பாருங்கள். உறுமி ஒலி கேட்டதும் நான்கு வயதுக் குழந்தையின் காலும் தானாக ஆடுகிறது. ஒரு பக்கத் தோலை வளைந்த குச்சியால் தேய்த்து அந்த முனகல் ஒலியை எழுப்புவது எவ்வளவு நுட்பமான வித்தை! ஆனால் உறுமி என்றதும் பல தாய்மார்களுக்கு இளைஞர் கூட்டமும் கலாட்டாவும்தான் நினைவுக்கு வருகிறது. பயம் நியாயமானதுதான். நான் கேட்பது இதுதான்: பிள்ளை அந்தக் கருவியை யாரிடம் கற்கப் போகிறான்? பகலில், வகுப்பறையில், ஆசிரியர் கண் முன்னால் கற்பதா? இல்லை, இரவு பத்து மணிக்கு யார் யாரோ கூடும் இடத்தில் கற்பதா? பள்ளி கதவைச் சாத்திவிட்டால் பிள்ளை தாளத்தை மறந்துவிட மாட்டான். தாளம் கிடைக்கும் வேறு இடத்துக்குப் போவான்.

நம் அண்டை வீட்டாரைப் பாருங்கள். 1988-இல் ஜொகூர் பாருவில் சீனப் பெரியவர்கள் இருவர், கவிஞர் டான் சாய் புவாய், இசைக்கலைஞர் டான் ஹூய் சோங், பழைய சிங்க நடன முரசை எடுத்து, சீன நாட்காட்டியின் 24 பருவங்களுக்கு 24 முரசு என்று ஒரு கலையை அமைத்தார்கள். பழமையானது ஒன்றுமில்லை, என் வயதைவிடச் சற்றே மூத்த கலைதான். ஆனால் அதைப் பள்ளிப் பிள்ளைகள் கையில் கொடுத்தார்கள். இன்று நாடெங்கும் சீனப் பள்ளிகளில் அந்த முரசுக் குழுக்கள் இருக்கின்றன. 2009-இல் தேசிய மரபுச் சொத்தாகவும் அறிவிக்கப்பட்டது. மலாய்ப் பிள்ளைகளுக்குக் கொம்பாங் இருக்கிறது. ஒருவன் விட்ட இடத்தில் இன்னொருவன் தட்ட, இரண்டும் பின்னி ஒரே தாளமாகும். நம் தப்பும் கொம்பாங்கும் தூரத்து உறவுபோல்தான் எனக்குத் தெரிகின்றன. இரண்டும் ஒரு பக்கம் தோல் போர்த்திய வட்டச் சட்டம். கம்பத்து வீட்டுக் கல்யாணத்தில் கொம்பாங் அடிப்பதை வாசலில் நின்று வேடிக்கை பார்க்கிறோம். நம் கருவியை மட்டும் மறைத்து வைக்கிறோம்.

இந்த இடத்தில் ஒரு சிறு முறையீடும் சொல்லிவிடுகிறேன். ஆண்டு விழா என்றால் ஒலிநாடாக் காலம் தொட்டு இன்றுவரை நமக்குத் தெரிந்தது ஒன்றுதான்: சினிமாப் பாட்டைப் போட்டு ஆடுவது. ஆடட்டும், நானும் கைதட்டுகிறேன். ஆனால் அங்கே பாடுகிறவர் பணம் வாங்கிக்கொண்டு சென்னையில் பாடிவிட்டுப் போய்விட்டார். நம் பிள்ளை வாயை மூடிக்கொண்டு ஆடுகிறது. நாற்பது பிள்ளைகள் மேடையில் ஏறி, ஒருவர் குரல்கூட அவையில் கேட்காமல் இறங்கிப் போவதைப் பாட்டு நிகழ்ச்சி என்று நிகழ்ச்சி நிரலில் போடலாமா?

நம்மிடம் பாட்டு இல்லையா என்ன? இங்கேதான் எனக்கு ஹங்கேரி நாட்டு ஆசிரியர் ஒருவர் நினைவுக்கு வருகிறார். சோல்தான் கோடாய் என்று பெயர். 1882-இல் பிறந்தவர். இருபத்திரண்டு வயதில், 1905-இல், கிராமம் கிராமமாகப் போய்ப் பாமர மக்களின் பாடல்களைத் திரட்டத் தொடங்கினார். அவர் நண்பர் பேலா பார்ட்டோக்கும் சேர்ந்துகொண்டார். மெழுகு உருளையில் ஒலிப்பதிவு செய்யும் பழங்காலப் பெட்டியைச் சுமந்துகொண்டு, ஆடு மாடு மேய்ப்பவர்களையும் கிழவிகளையும் பாடச் சொல்லிக் கேட்டார்கள். அதற்கு முன்பு அந்நாட்டுப் படித்தவர்களுக்கு ஜெர்மானிய இசைதான் இசை. குடியானவன் பாட்டு ஒரு பொருட்டே இல்லை. பிள்ளையின் முதல் பாட்டு அதன் தாய்மொழியில், அதன் மண்ணில் பிறந்த பாட்டாக இருக்க வேண்டும் என்பது கோடாயின் கொள்கை. 1950-இல் அவர் பிறந்த ஊரான கெச்கெமேட்டில், அன்றாடம் பாட்டு நடக்கும் ஒரு தொடக்கப் பள்ளியே திறந்தார்கள். இன்று நம் இசைப் பாடத்தில் பிள்ளைகள் "தா, தித்தி" என்று தாளம் சொல்வதும், கை அடையாளம் காட்டிச் சுரம் பாடுவதும் அவர் பரப்பிய முறை வழியாக வந்தவையே. அந்த முறையை மட்டும் வாங்கிக்கொண்டோம். சொந்த ஊர்ப் பாட்டைத் தேடிப் போக வேண்டும் என்ற அவருடைய முதல் வேலையை நாம் இன்னும் செய்யவில்லை.

நம் ஊர்ப் பாட்டு எங்கே இருக்கிறது? ஆயாக் கொட்டகையில் இருந்தது. இளைய தலைமுறைக்குத் தெரிந்திருக்காது. விடியுமுன் பெரட்டுக்குப் போகும் தாய்மார்கள், குழந்தையைத் துணியோடு சுருட்டி எடுத்து வந்து கொட்டகையில் விட்டுவிட்டுப் பால்மரம் வெட்டப் போவார்கள். உத்திரத்தில் வரிசையாகச் சேலைத் தொட்டில்கள். ஆயா ஒருவரே இந்தத் தொட்டிலைத் தள்ளி, அடுத்ததைத் தள்ளி, அதற்கடுத்ததைத் தள்ளி நடந்துகொண்டே தாலாட்டுப் பாடுவார். பெற்றவள் கித்தாக் காட்டில். பாட்டு மட்டும் ஆயாவிடமிருந்து. நம் தோட்டத்துப் பிள்ளைகள் கேட்ட முதல் இசை அதுதான்.

1950-களின் இறுதியில் தொடங்கிய தோட்டத் துண்டாடல், பிறகு கித்தா போய்ச் செம்பனை வந்தது, அதன் பிறகு தோட்டமே வீடமைப்புப் பகுதியானது என்று ஒவ்வொன்றாக நடந்ததில், லயமும் போயிற்று, கொட்டகையும் போயிற்று. ஈப்போவைச் சுற்றிலும் அடுக்குமாடிகளிலும் மலிவு வீடுகளிலும் சிதறிப் போனோம். பாட்டு மட்டும் சில பாட்டிமார்களின் நினைவில் தங்கியிருக்கிறது.

கடந்த ஆண்டு ஐந்தாம் ஆண்டு மாணவர்களிடம், "வீட்டில் பாட்டி பாடும் பாட்டைக் கைப்பேசியில் பதிந்து வாருங்கள்" என்று வேலை கொடுத்தேன். முதல் வாரம் ஒன்றும் வரவில்லை. "பாட்டி வெக்கப்படுறாங்க டீச்சர்" என்றார்கள். பிறகு ஒவ்வொன்றாக வந்தது. தாலாட்டு நான்கு, கும்மி மூன்று, நலுங்குப் பாட்டு இரண்டு, நடவுப் பாட்டு ஒன்று. இங்கே நெல் வயலே பார்க்காத பாட்டி ஒருவர், தம் தாயிடம் கேட்ட நடவுப் பாட்டை அப்படியே வைத்திருக்கிறார்! ஒரு தாலாட்டில் மாமன் சீர் கொண்டு வருகிறான், வழக்கமான தாலாட்டுதான். ஆனால் இந்த மாமன் கப்பலில் வருகிறான், வந்தவன் கித்தா மரத்தடியில் உட்கார்ந்து அழுகிறான். எந்தப் புத்தகத்திலும் நான் பார்க்காத தாலாட்டு. இன்னொரு பாட்டி தாலாட்டில் தொடங்கி, பாதியில் தம்மையறியாமல் ஒப்பாரிக்கு நழுவிவிட்டார். இரண்டின் மெட்டும் எவ்வளவு நெருக்கம் என்று அப்போதுதான் எனக்கே உறைத்தது. பதிவில் அவர் குரல் உடைவதும், பேரன் "அழாதீங்க பாட்டி" என்று சொல்வதும் கேட்கிறது.

அந்தப் பத்துப் பாட்டையும் பாடியவர்கள் ஏழு பேர். அவர்களில் இருவர் இன்று நம்மிடையே இல்லை.

மாணவச் செல்வங்களே, இனி உங்களிடம் கொஞ்சம் பேச வேண்டும். நான்காம் ஆண்டுக்கு வந்தால் ரெக்கோடர் என்ற ஊதுகுழல் வாசிக்கக் கற்பீர்கள். அண்ணன்மார் அதை வாளாக வைத்துச் சண்டை போட்டதைப் பார்த்திருப்பீர்கள். அது வாளன்று. இடது கை மேலே, வலது கை கீழே. பின்னால் உள்ள துளையை இடது கட்டை விரலால் மூடி, முன்னால் முதல் துளையைச் சுட்டு விரலால் மூடினால் 'பி'. நடு விரலையும் சேர்த்தால் 'ஏ'. மூன்றாவது விரலும் சேர்ந்தால் 'ஜி'. இந்த ஜி, ஏ, பி மூன்றையும் வரிசையாக ஊதினால் நம்முடைய ச, ரி, க கிடைத்துவிடும். பலமாக ஊதினால் கீச்சென்று கத்தும். சூடான காப்பியை ஆற்றுவதுபோல் மெல்ல ஊதி, நாக்கால் 'து' என்று சொல்ல வேண்டும். துளையை அரைகுறையாக மூடினாலும் கத்தும். விரல் நுனியால் அழுத்தாமல் விரலின் சதைப்பகுதியால் மூடுங்கள். இந்த மூன்று சுரத்தோடு இன்னொன்று சேர்ந்தால், உங்கள் பாட்டியின் தாலாட்டில் பாதியை வாசித்துவிடலாம். நான் வாசித்துப் பார்த்துவிட்டேன்.

பாடும்போது கத்தாதீர்கள். சபைகூடலில் நரம்பு புடைக்கக் கத்துகிறவர்களை நான் கவனித்துக்கொண்டுதான் இருக்கிறேன். பக்கத்தில் நிற்பவன் குரல் உன் காதில் விழ வேண்டும். விழவில்லையென்றால் நீ சத்தம் போடுகிறாய் என்று பொருள். ஆசிரிய நண்பர்களுக்கும் ஒரு சொல்: பிள்ளைகளின் குரல் நம் குரலைவிட உயர்ந்தது. நமக்கு வசதியான கீழ்ச்சுருதியில் தொடங்கினால் பாவம், அவர்களுக்குத் தொண்டையிலிருந்து காற்றுதான் வரும். பிறகு "பாட வரவில்லை" என்று அவர்களையே குறை சொல்கிறோம்.

பெற்றோர்களே, பெரிய செலவு எதையும் நான் கேட்கவில்லை. சாதாரண ரெக்கோடர் ஒன்று, ஒரு கோழி வாங்கும் காசுக்குள் வந்துவிடும். அதுவும் முடியாதவர்கள் சொல்லுங்கள். பெற்றோர் ஆசிரியர் சங்கத்தில் பேசிப் பள்ளியில் சில வாங்கி வைத்திருக்கிறோம், கழுவித் துடைத்துத்தான் கொடுக்கிறோம். தாளக் கருவிக்குக் காலி மைலோ டின் போதும், மூடியோடு கொடுங்கள். பழைய கித்தா மரம் இன்னும் நிற்கும் சடக்கோரத்தில் பிள்ளைகள் விதை பொறுக்கி வந்து டின்னுக்குள் போட்டுக் குலுக்குகிறார்கள். அந்த ஓசையைக் கேட்ட ஒரு தாத்தா, "நாங்க வெடிச்சு விழுந்த வெதைய வச்சுக் கோலி ஆடுனோம், இதுக வாத்தியம் பண்ணுதுக!" என்று சிரித்தார்.

கணக்கில் பின்தங்கிய பிள்ளைகளுக்குச் செவ்வாய், வியாழன் மாலைகளில் ஒரு மணி நேரம் நானும் இன்னோர் ஆசிரியரும் தனியாகச் சொல்லித் தருகிறோம். கட்டணம் கிடையாது, அனுப்பி வையுங்கள். இசைக்குள்ள அரை மணி நேரத்தை மட்டும் கேட்காதீர்கள்.

அடுத்த மாதம் முதல் சனிக்கிழமை காலை 9 மணிக்குப் பள்ளி நூலகத்தில் பாட்டிமார்களுக்காகப் பாய் விரித்து வைத்திருப்போம். காப்பியும் பலகாரமும் உண்டு. ஐந்தாம் ஆண்டு, ஆறாம் ஆண்டுப் பிள்ளைகள் கைப்பேசியோடு உட்கார்ந்திருப்பார்கள். பாட்டு பாதிதான் நினைவிருக்கிறது என்றாலும் பரவாயில்லை. பாதியைக் கொண்டு வாருங்கள், மீதி இன்னொருவரிடம் இருக்கலாம். நடக்க முடியாதவர்கள் பேரப் பிள்ளையிடம் சொல்லி அனுப்பினால் நாங்களே வீட்டுக்கு வருகிறோம். தாத்தாமார்களும் வரலாம். தப்பு, உறுமி வைத்திருப்பவர்கள் கருவியோடு வாருங்கள். தோலைக் காய்ச்சுவதற்குப் பள்ளிக்குப் பின்னால் தீ மூட்டிக்கொள்ளத் தலைமையாசிரியர் அனுமதி கொடுத்திருக்கிறார்.